இரண்டு மீட்டர் தள்ளி நின்று

என் மச்சினனின் ஸ்கூட்டரை முப்பது மீட்டர் தூரம் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது நான்தான். இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் பதினான்கு மாதம் மிச்சமாகியிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் நோயாளி வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். நான் மேல்வரிசை, கீழ்வரிசை வார்த்து, தேய்த்து, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் சிரிப்பது என் பல்லால்தான். அப்படிப்பட்டவன் ஐம்பத்து மூன்றாவது வயதில் கார் ஷெட்டில் உட்கார்ந்து ஏன் விமானம் கட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள்.

"பல்செட்டு சரியில்லன்னா திருப்பிக் கொண்டாந்து குடுப்பாங்க, தேய்ச்சுக் குடுக்கலாம். இறக்கை சரியில்லன்னா யாருங்க கொண்டாந்து குடுப்பாங்க?"

பதில் தெரியாததால் நான்கு வருடம் வாயைத் திறக்காமல் கட்டினேன்.

ஒரே ஓர் ஆள் உட்காரும் மர விமானம். மெல்லிய ப்ளைவுட், பசை, ஓடி ஓய்ந்த சின்னக் கார் ஒன்றின் எஞ்சின். மரக்கூட்டின் மேல் போர்த்திய துணி முழுவதையும் தைத்தது மனைவி. மாட்டிய துணியின் மேல் இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் அது சுருங்கி, தட்டினால் சத்தம் வரும் அளவுக்கு விறைத்துக்கொள்ளும். "ஊருலகத்துல புருஷன் சட்டைக்கு இஸ்திரி போடுவாங்க, நான் புருஷன் இறக்கைக்குப் போடறேன்" என்று சொல்லிக்கொண்டே போட்டாள். ஒரு சுருக்கம் விடவில்லை. அத்துடன் ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் வந்து பாத்து, 'இது தாங்கும்'னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் ஏறுங்க. அதுக்கு முன்னாடி ஏறினீங்கன்னா, நீங்க கீழ எறங்கறதுக்குள்ள நான் வீட்டைப் பூட்டிட்டுப் போயிடுவேன்."

நியாயமான பேச்சு. சொல்லப்போனால் எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். நான் வார்த்த கடைவாய்ப் பல் எதைக் கடித்தால் உடையும் என்று எனக்குத் தெரியும். நான் ஒட்டிய மரம் என்னைத் தாங்குமா என்பது தெரியாது.

இனி ஸ்கூட்டர்.

எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் விமானத்தின் வாலை எதிலாவது கட்டிப்போட வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு டயர் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. அதன் சோதனைச் சாலைதான் எங்கள் ஓடுதளம். அங்கே மரமும் இல்லை, கம்பமும் இல்லை. மச்சினன் இருந்தான். எடை விஷயத்தில் என் மனைவியின் தம்பி நம்பத்தக்கவன்.

"மாமா, நான் உக்காந்தா லாரியே நகராது. நீங்க தைரியமா முறுக்குங்க" என்றான், வாலைக் கயிற்றால் கட்டிய ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு அதன் மேல் அமர்ந்தபடி.

முறுக்கினேன். விமானம் குதித்தது. கயிறு விண்ணென்று இழுபட்ட சத்தம் என் முதுகெலும்பு வரை வந்தது. பின்னால் "மாமோவ்!" என்று ஓர் அலறல். அவன் குதித்துவிட்டான். அவன் போனதும் எடை போனது. எடை போனதும் ஸ்கூட்டர் படுத்துக்கொண்டே எங்களோடு கிளம்பிவிட்டது. எஞ்சினை அணைக்கும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று எனக்கு மறந்துபோயிற்று. பொருத்தியது நான்தான் என்பதை இங்கே குறிப்பிட வெட்கமாக இருக்கிறது. தேடிக்கொண்டிருக்கும்போதே சக்கரங்களின் கடகடப்பு சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தால், தரை ஒரு சாண் கீழே இருந்தது. நான்கு விநாடி. பிறகு டொம்மென்று தரை திரும்பி வந்தது.

ஓடி வந்த மச்சினன், "மாமா, பறந்துட்டீங்க மாமா!" என்று கட்டிக்கொண்டான். பிறகு பின்னால் திரும்பிப் பார்த்து, வேறு குரலில், "என் வண்டி…" என்றான்.

மறுவாரம் வானூர்தி அனுமதி இயக்ககத்துக்குப் போனேன். உள்ளே இரண்டு கவுண்டர்கள். ஒன்றின் மேல் 'பறந்தவை' என்றும் மற்றதன் மேல் 'பறக்காதவை' என்றும் எழுதியிருந்தது. பறக்காதவை கவுண்டரில் ஒரு கண்ணாடிக்காரர் அமர்ந்திருந்தார்.

"உங்க விமானம் பறந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பரிசோதிக்கப் போகிறவரிடம் பொய் சொன்னால் பரிசோதனை எப்படி உருப்படும்? "ஒரு சாண் எழும்பிச்சு சார். நாலு விநாடி" என்று ஸ்கூட்டர் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அந்தக் கவுண்டர்."

அந்தக் கவுண்டருக்குப் போனேன். கண்ணாடிக்காரரும் எழுந்து, கண்ணாடியைக் கழற்றி, மேசையிலிருந்து இன்னொரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அந்த நாற்காலியில் வந்து அமர்ந்தார். என்னை முன்பின் பார்த்த சாயலே அவர் முகத்தில் இல்லை.

"சொல்லுங்க."

"இப்பதான் சார் சொன்னேன்."

"அது அந்தப் பிரிவு. இங்க சொல்லுங்க."

மறுபடி சொன்னேன்.

"பறக்கறதுக்கு அனுமதி வச்சிருந்தீங்களா?"

"இல்ல சார். அது கேக்கத்தான் வந்திருக்கேன்."

"அனுமதி இல்லாம எந்த விமானமும் பறக்க முடியாது. சட்டத்துல தெளிவா இருக்கு. அனுமதி இல்லைங்கறீங்க. அப்ப உங்களுது பறக்கல. அந்தக் கவுண்டர்."

"சார், எனக்கு ஒரே ஒரு கேள்விதான். யாராவது வந்து பாத்து, இது தாங்குமான்னு—"

"தாங்குமாங்கறது எங்க படிவத்துலயே இல்லியே!" என்றார் அவர், உண்மையான வருத்தத்துடன்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க, பறக்காதவை பிரிவு பறந்தவை பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதியது. மூன்று அடி தள்ளி இருக்கும் நாற்காலிக்கு அந்தக் கடிதம் ஒன்பது வாரத்தில் போய்ச் சேர்ந்தது. 'தங்கள் கடிதத்தின் தொனி வருந்தத்தக்கது' என்று பதில் வந்தது. இரண்டிலும் கையெழுத்து ஒன்றுதான். நான் ஒரு நாள் போனபோது அவர் சோர்ந்துபோய் அமர்ந்திருந்தார். "அந்தப் பிரிவுல இருக்கற ஆளு ரொம்ப மோசம் சார். நல்லதுக்கே காலமில்ல" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது.

ஏழாவது மாதம், சம்பவத்துக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் கேட்டார்கள். முந்தைய படத்தில் என் மனைவி வால் பக்கம் இஸ்திரிப் பெட்டியுடன் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். பிந்தைய படத்தை நான் தனியாக இருந்தபோது எடுத்தேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது: 'முதல் படத்தில் வாலருகே காணப்படும் பெண்மணி இரண்டாம் படத்தில் காணப்படவில்லை. விபத்தில் விமானத்தின் பாகங்கள் ஏதும் குறைந்துள்ளனவா என விளக்குக.'

மனைவி விமானத்தின் பாகமல்ல என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குச் சான்று கேட்டார்கள். கல்யாணச் சான்றிதழை இணைத்தேன். அதில் விமானத்தைப் பற்றி ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அவளே நேரில் போய், இரண்டு நாற்காலிகளுக்கும் தனித்தனியாகத் தன்னைக் காட்டிவிட்டு வந்தாள்.

"எதுக்கும் இருக்கட்டும்னு என்னை எடை போட்டுப் பாத்தாங்க" என்று வந்து சொன்னாள். அன்று முழுக்க நான் அவள் எதிரில் சிரிக்கவில்லை.

இதற்கிடையே ஒரு சின்ன விஷயம். ஸ்கூட்டர் சம்பவத்துக்குப் பிறகு, வால் பக்கம் துணியில் சாய்வாக ஒரு சுருக்கம் விழ ஆரம்பித்தது. மனைவி இஸ்திரி போட்டால் போய்விடும். பத்து நாளில் மறுபடி வரும். "தையல்ல எங்கயோ இழுத்துப் பிடிச்சுட்டேன் போல. என் வேலைதான் சரியில்ல" என்று அவள் முகம் சுண்டிவிட்டது. படிவத்தில் 'துணி: உண்டு / இல்லை' என்று ஒரு கட்டம் இருந்தது. 'உண்டு' என்று எழுதி, பக்கத்தில் இந்தச் சுருக்கத்தையும் எழுதினேன். கண்ணாடிக்காரர் சிவப்பு மையால் அதை அடித்து, 'கேட்டதற்கு மட்டும் பதில்' என்று ஓரத்தில் எழுதித் தந்தார்.

அந்தப் படிவத்துக்கு நகல் எடுக்கக் கீழ்த்தளத்து ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். ஜன்னல் இல்லாத அறை. ஐம்பது வயதுக்கு மேல் ஓர் அம்மா, சணல் நூலால் கோப்புகளைத் தைத்துக்கொண்டிருந்தார். விரல்கள் தடித்து, நகக்கண் எல்லாம் பழைய கறுப்பு. என் படிவத்தை வாங்கியவர், சிவப்பு மைக்கு அடியில் இருந்ததைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"சுருக்கம் எந்தப் பக்கம்? இடதா, வலதா?"

"இடதுங்க."

நகலைக் கொடுத்துவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் என் விமானத்தைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான் என்பது வீட்டுக்கு வந்த பிறகு உறைத்தது.

பதினோராவது மாதம் ஆய்வாளர் வந்தார். கூடவே மூன்று பேர். ஒருவர் அளவு நாடா பிடிக்க, ஒருவர் எழுத, ஒருவர் இவர்கள் இருவரும் வந்தார்களா என்று பார்க்க. முதல் வேலையாக என் விமானத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டினார்கள். பிறகு ஆய்வாளர் கயிற்றுக்கு வெளியே நாற்காலி போட்டு அமர்ந்து, பெட்டியைத் திறந்து, பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"சார், கிட்டக்க வந்தே பாக்கலாமே. ஒண்ணும் பண்ணாது" என்றான் மச்சினன்.

ஆய்வாளர் பைனாகுலரை இறக்கினார். அவர் பேசியதை அப்படியே தருகிறேன்.

"தம்பி, இதுக்குப் பேரு தொடாமல் பார்வையிடல். விதி பன்னெண்டு. ஏன் தொடக் கூடாது? தொட்டா, பாத்தோம்னு ஆயிடும். பாத்தோம்னு ஆனா, தெரிஞ்சுதுன்னு ஆயிடும். தெரிஞ்சுதுன்னா, நாளைக்கு இவரு விழுந்தா என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. பதினேழு வருஷ சர்வீஸ் தம்பி. ஒரு விமானத்தைத் தொட்டதில்ல. கை அவ்வளவு சுத்தம். என் கீழ இருக்கறவங்களுக்கும் அதத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். மக்களோட உயிரு விளையாட்டில்ல பாருங்க."

மக்கள் என்று அவர் சொன்னபோது கை தன் நெஞ்சைத் தொட்டது.

ஷெட்டின் கதவை அளந்தார்கள். தீயணைப்பு வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வாளியைத் தொட்டே பார்த்தார்கள். கிளம்பும்போது மனைவி வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள்.

"சார், ஒரே வார்த்தை. இது தாங்குமா?"

"அறிக்கையில வரும்மா."

அறிக்கை வந்தது. பதினாறு பக்கம். வாளியைப் பற்றி மட்டும் மூன்று பக்கம். விமானத்துக்கு ஒரு வரி இருந்தது: 'விமானம் – காணப்பட்டது.'

மனைவி அந்த வரியை இரண்டு முறை படித்தாள். "இதுக்கு அந்த ஸ்கூட்டர் எவ்வளவோ மேல். கூடவாவது வந்துச்சு" என்றாள்.

பதினான்காவது மாதம், எதிர்பாராமல், இயக்குநரே கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் நாற்பது பேர் உட்காரலாம். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பின்சுவரில் பெரிய பலகை: 'இருபத்தைந்து ஆண்டுகள் – ஒரு விபத்தும் இல்லை.'

"பாத்தீங்களா?" என்றார் பலகையைக் காட்டி. "உலகத்துல எந்த நாட்டுலயும் இந்தச் சாதனை இல்ல. நாங்க அனுமதி குடுத்த ஒரு வீட்டு விமானம்கூட விழுந்ததில்ல."

"இதுவரைக்கும் எத்தனை விமானத்துக்குக் குடுத்திருக்கீங்க சார்?"

"ஒண்ணுக்கும் குடுத்ததில்ல. அங்கதான் நிர்வாகம் நிக்குது." பெருமையுடன் பலகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு முகம் வாடியது. "ஆனா இப்ப ஆண்டு மலர் போடறோம். அச்சுக்குப் போற நேரத்துல பாத்தா, 'வழங்கிய அனுமதிகள்'னு ஒரு கட்டம். அதுல பூஜ்யம். வழவழ தாள்ல பூஜ்யம் நல்லாவே இல்ல. ஒண்ணுன்னு போட்டா கம்பீரமா இருக்கும். உங்க கோப்புதான் ரொம்பத் தடிமனா இருந்துச்சு. தடிமனா இருக்குன்னா நல்லாப் பரிசீலிச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்? வர்ற ஞாயித்துக்கிழமை பறந்துடுங்க. போட்டோக்காரரை அனுப்பறேன்."

"சார், அது தாங்குமான்னு யாரும் இன்னும்—"

"நம்பிக்கை வேணும் சார்" என்றார் இயக்குநர், எழுந்து கைகொடுத்து. "ஒரு தரம் பறந்தா போதும். எறங்கறது அடுத்த வருஷ மலர்ல வந்துடும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி இஸ்திரிப் பெட்டியைச் சூடுபடுத்தி, அந்தச் சுருக்கத்தை மறுபடி எடுக்கப் போனாள். அவள் வாதாடியிருந்தால் தேவலை. பதினான்கு மாதம் நாயாய் அலைந்தவனிடம் 'போகாதே' என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அனுமதி கிடைத்த பிறகு 'பயமாக இருக்கிறது' என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. இரண்டு பேரும் மிக மரியாதையாகப் பேசிக்கொண்டோம். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பேசியதில்லை.

சனிக்கிழமை காலை, மச்சினன் சக்கரங்களுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் யாரோ வந்து நின்றார்கள். ரெக்கார்டு ரூம் அம்மா. கையில் பெரிய பழுப்பு உறை.

"உங்க அனுமதி. தபால்ல போகவேண்டியது. நான் லீவு போட்டுட்டுக் கொண்டாந்தேன்."

கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"அப்புறம் வாங்கிக்கலாம். வால் எங்க இருக்கு?"

ஷெட்டுக்குள் போனார். ஆய்வாளர் கட்டிவிட்டுப் போன கயிறு இன்னும் இருந்தது. அவிழ்க்கத் தனி உத்தரவு வர வேண்டுமாம். அந்த அம்மா குனிந்து கயிற்றுக்குள் நுழைந்தார். உறையைத் தரையில் போட்டு, அதன் மேல் மண்டியிட்டு உட்கார்ந்தார். விரலை மடக்கி, விமானத்தின் நடுவிலிருந்து வாலை நோக்கித் தட்டிக்கொண்டே போனார். டக். டக். டக். டக். தொப்.

அந்த இடத்தில் இரண்டாம் முறை தட்டினார். தொப். பிறகு வால்முனையை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருகினார். உள்ளே கதவுக் கீல்போல ஏதோ முனகியது. ஐந்து வருடத்துக்கு மேல் நான் அந்த விமானத்தோடு பழகியிருக்கிறேன். அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"நீங்க படம் ரெண்டு குடுத்தீங்கல்ல? எல்லாரும் உங்க வீட்டம்மாவைத் தேடிக்கிட்டிருந்தாங்க. முதல் படத்துல சுருக்கம் இல்ல, ரெண்டாவதுல இருக்கு. பின்பக்கமா எதாவது பலமா இழுத்துச்சா?"

மச்சினன் மெல்லத் தன் ஸ்கூட்டரைப் பார்த்தான்.

"உங்க தையலைக் கொஞ்சம் பிரிக்கணும்மா" என்றார் மனைவியிடம்.

மனைவியே கத்தரிக்கோல் எடுத்து வந்து, தான் போட்ட தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். துணி விலகியது. உள்ளே, வால்வரை ஓடும் நீளக் கட்டைகளில் இடப்பக்கத்துக் கீழ்க்கட்டை, பசை விட்டு, விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. பிளவு புதுப்பல் மாதிரி வெள்ளையாக இருந்தது.

"அப்ப என் தையல் இல்லையா?" என்று கேட்டாள் மனைவி.

"தையல் அருமையா இருக்கு. அதனாலதான் சுருக்கம் வெளிய தெரிஞ்சுது. தொளதொளன்னு தைச்சிருந்தா தெரிஞ்சிருக்காது."

"உங்களுக்கு இதெல்லாம் எப்படிங்க?" என்றேன்.

"நானும் மேல ஆய்வாளரா இருந்தவதான். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு விமானத்தைத் தொட்டுட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே கீழ அனுப்பிட்டாங்க."

மனைவி பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துகொண்டாள். பதினான்கு மாதமாக இரண்டு கண்ணாடிகளிடமும் ஒரு பைனாகுலரிடமும் நாங்கள் கேட்டதை, கடைசித் தடவையாகக் கேட்டாள்.

"இது தாங்குமா?"

"தாங்காது" என்றார் அந்த அம்மா. "நாளைக்கு முதல் திருப்பத்துலயே வால் கழண்டிருக்கும்."

நியாயமாகப் பயந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் இத்தனை நாள் பிடித்துவைத்திருந்த மூச்சு வெளியே வந்துவிட்டது.

மச்சினன் அவர் முழங்காலுக்கு அடியிலிருந்து உறையை உருவி, பிரித்து, எழுத்துக்கூட்டிப் படித்தான். "மாமா, இதுல ஒண்ணு போட்டிருக்கான். 'காணப்பட்ட நிலையிலிருந்து விமானத்தின் எந்தப் பாகமும் மாற்றப்படலாகாது. மாற்றினால் இவ்வனுமதி ரத்தாகும்.' அப்ப இந்தக் கட்டையை மாத்தினா அனுமதி போயிடும் மாமா. மறுபடி மொதல்லேருந்து."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னையும் பார்க்கவில்லை, காகிதத்தையும் பார்க்கவில்லை.

"கட்டையை மாத்தினா?" என்று அந்த அம்மாவைக் கேட்டாள்.

அவர் தரையில் கையை ஊன்றினார். எழுந்தார். இடது இறக்கையை நுனிவரை தட்டிப் பார்த்தார். வலது இறக்கையைத் தூக்கிக் குலுக்கினார். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். சக்கரத்தை உதைத்தார். எஞ்சினைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் கயிற்றுக்கு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தோம். அரை மணி ஆயிற்று. பிறகு கையைத் தன் உடையிலேயே துடைத்துக்கொண்டு, என் மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"மாத்தினா தாங்கும்."